புது ஊருக்கு ஃப்ளைட்டா, காலை ஆறு மணிக்கு ஃப்ளைட்டா?

ஐந்து லட்சம் பேர் வாழும் ஒரு நகரம். ஓடுபாதை சரியாக இருக்கிறது, புது டெர்மினல்கூடக் கட்டியாகிவிட்டது. ஆனால் புறப்பாட்டுப் பலகையில் மூன்றே வரி, மூன்றும் ஒரே பெருநகரத்துக்கு: காலை பத்தரை, பிற்பகல் இரண்டே கால், மாலை ஐந்தே முக்கால். மற்ற நேரங்களில் டெர்மினலில் விளக்கு எரிவதோடு சரி. இப்படிப்பட்ட நகரங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அங்கெல்லாம் வணிகர் சங்கம் வைக்கிற கோரிக்கையும் ஒன்றேதான்: "இன்னும் நாலு ஊருக்கு நேரடி ஃப்ளைட் வேண்டும்."

கோரிக்கையில் தப்பில்லை. ஆனால் ஒரு நடுத்தர நகரத்துக்கு விமான நிறுவனங்களிடம் இருக்கும் செல்வாக்கு கொஞ்சம்தான். செலவழிக்கப் பணமும் கொஞ்சம்தான். அதை எதில் போடுவது என்பதுதான் கேள்வி. கையில் இருப்பவை நான்கு வழிகள். காசு கொடுத்துப் புது ஊருக்கு நேரடி சர்வீஸ் வரவழைக்கலாம். மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்றை ஆசைகாட்டி அழைக்கலாம். ஏற்கெனவே இருக்கும் பெருநகர இணைப்பையே அடிக்கடி ஓடும்படி, வசதியான நேரத்தில் ஓடும்படி ஆக்கலாம். அல்லது ஃப்ளைட் ஆசையை விட்டுவிட்டு, பெரிய விமான நிலையத்துக்கு நல்ல பஸ்ஸோ ரயிலோ விடலாம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, ராத்திரி ஒரு விமானம் நம் ஊரில் தங்குகிறதா என்று கேட்கத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். காரணத்தை மூன்றாவது வழிக்கு வரும்போது சொல்கிறேன்.

முதலில், ஆட்கள் ஏன் காரில் போகிறார்கள்?

எந்த வழியைப் பேசுவதற்கு முன்பும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நகரத்தில் விமானப் பயணிகள் இல்லாமல் இல்லை. இருக்கிறார்கள், உள்ளூர் நிலையத்தைத் தாண்டி இருநூறு கிலோமீட்டர் காரில் போய் வேறு ஊரில் ஏறுகிறார்கள். விமானத் துறையில் இதைக் 'கசிவு' என்பார்கள். டிக்கெட் வாங்கியவர்களின் அஞ்சல் குறியீட்டை வைத்து இதை அளந்து கொடுக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

கசிவு எவ்வளவு என்பதைவிட ஏன் என்பது முக்கியம். கட்டணம் அதிகம் என்பதற்காகப் போகிறார்களா, நேரம் ஒத்துவரவில்லை என்பதற்காகவா, அல்லது 'அந்த ஃப்ளைட்டை நம்ப முடியாது, அடிக்கடி ரத்து செய்துவிடுவான்' என்பதற்காகவா? மூன்றுக்கும் மருந்து வேறு. கட்டணம்தான் நோய் என்றால் போட்டி நிறுவனம் வேண்டும். நேரம்தான் நோய் என்றால் போட்டி நிறுவனம் வந்தும் பயனில்லை. அவனும் பத்தரைக்கே வந்து நிற்பான். இந்தக் கேள்வியைக் கேட்காமலே மனு எழுதுகிற ஊர்கள்தான் அதிகம்.

காசு கொடுத்து வாங்கும் நேரடி சர்வீஸ்

இதன் வடிவங்கள் பல. வருவாய் உத்தரவாதம் என்பது ஒன்று: ஒரு சுற்றுக்கு இவ்வளவு வருமானம் வரவேண்டும் என்று நிறுவனமும் நகரமும் பேசி முடிவு செய்யும், குறைந்தால் வித்தியாசத்தை நகரம் கட்டும். இன்னொன்று அரசு மானியம். அமெரிக்காவில் 1978-ல் விமானத் துறையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தபோதே, சிறு ஊர்களை நிறுவனங்கள் கைவிட்டுவிடும் என்று பயந்து 'அத்தியாவசிய விமான சேவை' என்ற திட்டத்தைச் சேர்த்தார்கள். இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய அது இன்னும் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச்சேவைக் கடமை என்ற பெயரில் ஒரு வழித்தடத்தை டெண்டர் விட்டு, பொதுவாக நான்கு ஆண்டு வரை ஒரே நிறுவனத்துக்குத் தனியுரிமையாகக் கொடுக்கலாம். இந்தியாவின் உடான் திட்டத்தில் மூன்று ஆண்டு மானியம், மூன்று ஆண்டு தனியுரிமை. அதன் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது.

உடான் எப்படிப் போனது என்பதற்கு, அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை 2023-ல் வந்தது. மூன்றாம் ஏலச் சுற்று வரை ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று ஆண்டை முழுதாக ஓட்டியவை 112. மானியக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. சேலம் நமக்குத் தெரிந்த உதாரணம்: 2018-ல் சென்னைக்கு ஏடிஆர் என்ற சிறு புரொப்பெல்லர் விமான சர்வீஸ் தொடங்கி, 2021-ல் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானத்தைப் பார்த்தது.

இதை வைத்து மானியமே வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த மாதிரி வழித்தடம் சாகிறது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 180 இருக்கை கொண்ட ஒரு ஏ320 ஜெட் விமானம் தினமும் ஒரு தடவை வந்து போனால், இரு திசையும் சேர்த்து ஆண்டுக்கு 1,31,400 இருக்கை. நூற்றுக்கு எண்பது நிரம்ப வேண்டுமென்றால் ஒரு லட்சத்து ஐந்தாயிரம் பேர் தேவை. 72 இருக்கை ஏடிஆர் என்றாலும் 42,000 பேர். நேரடி சர்வீஸில் இவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே ஊருக்குப் போகிறவர்களாக இருக்க வேண்டும். ஹப் எனப்படும் மைய நிலையத்துக்குப் போகும் விமானத்தில் அப்படியில்லை. அதில் உட்கார்ந்திருக்கும் எழுபது பேர் முப்பது நாற்பது ஊர்களுக்குப் போகிறவர்கள்; இந்த ஊருக்கு இரண்டு பேர், அந்த ஊருக்கு ஒருவர் என்று சேர்ந்துதான் விமானம் நிரம்புகிறது. நடுத்தர நகரத்தின் தேவை இப்படிச் சில்லறைச் சில்லறையாகத்தான் இருக்கும். அந்தச் சில்லறையைத் திரட்டத் தெரிந்த வடிவம் ஹப் இணைப்பு. நேரடி சர்வீஸுக்கு அது தெரியாது.

காசு கொடுத்தும் பலன் கண்ட ஊர் ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் விசிட்டா. செஸ்னாவும் பீச்கிராஃப்ட்டும் விமானம் செய்கிற ஊர். அந்த ஊரே ஒரு விமானம் வந்து நிற்பதற்குப் பணம் கட்டவேண்டியிருந்தது என்பது ஒரு வேடிக்கை. அங்கே நோய் கட்டணம். ஆட்கள் கான்சஸ் சிட்டிக்கும் ஓக்லஹோமா சிட்டிக்கும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போனார்கள். 2002-ல் நகரம் உத்தரவாதம் கொடுத்து ஏர்டிரான் என்ற மலிவு நிறுவனத்தைக் கொண்டுவந்தது; 2006-ல் மாநில அரசும் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் என்று சேர்ந்துகொண்டது. ஏர்டிரானை வாங்கிய சவுத்வெஸ்ட் என்ற பெரிய மலிவு நிறுவனம், 2013-ல் தன் பெயரிலேயே அங்கே இறங்கியது. கவனிக்க வேண்டியது, ஏர்டிரான் ஓட்டியது பெரும்பாலும் அட்லாண்டாவுக்கு. அது அவர்களின் ஹப். நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, சில்லறையைத் திரட்டும் வழித்தடத்துக்கே காசு கொடுத்தார்கள். 'காசு கொடுத்தால் நடக்கும்' என்பதற்கு விசிட்டாவைக் காட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

மலிவு நிறுவனம்

சவுத்வெஸ்ட் ஒரு நிலையத்துக்குள் நுழைந்தால் எல்லாருடைய கட்டணமும் இறங்கி, பயணிகள் எண்ணிக்கை ஏறும் என்பதை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1993-லேயே எழுதி, அதற்கு 'சவுத்வெஸ்ட் விளைவு' என்று பெயரும் வைத்துவிட்டது. அந்தப் பெயரை இன்றைக்கும் எல்லா ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். ஆனால் நடுத்தர நகரங்களுக்கு வருகிற மலிவு நிறுவனங்களின் பாணி இப்போது வேறு. வாரத்துக்கு இரண்டு ஃப்ளைட், வியாழனும் ஞாயிறும். கடற்கரைக்கோ கேளிக்கை நகரத்துக்கோ. அமெரிக்காவில் அலிஜியன்ட் இப்படித்தான் வளர்ந்தது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கு இது வரப்பிரசாதம். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போகிறவருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு, படிக்கும் மகனைப் பார்க்கப் போகிறவருக்கு ஒன்றுமில்லை. அங்கிருந்து வேறு விமானத்தில் மாறுவதும் அவரவர் பாடு: வேறு டிக்கெட், பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான்.

அதோடு, இவர்களுக்கு எந்த ஊரோடும் ஒட்டு கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவர்கள் தொழில். பெல்ஜியத்தின் ஷார்லரோயில் ரயன்ஏர் என்ற மலிவு நிறுவனத்துக்குக் கொடுத்த சலுகைகளில் ஒரு பகுதி சட்டவிரோத அரசு உதவி என்று ஐரோப்பிய ஆணையம் 2004-ல் தீர்ப்புச் சொன்னது. 2008-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஷார்லரோய் வளர்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அது பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பெயினில் அப்படி அமையாத வல்லதோலித், ஹெரெஸ் இரண்டிலிருந்தும் 2025-ல் அதே ரயன்ஏர், நிலையக் கட்டணம் அதிகம் என்று சொல்லி வெளியேறியது. வந்த வேகத்தைவிட வேகமாகப் போவார்கள்.

ஆகவே காசு கேட்காமல் வந்தால் மாலை போட்டு வரவேற்கலாம். தரையிறங்கும் கட்டணத்தை ஓராண்டுக்குக் குறைப்பதுகூடப் பரவாயில்லை. அதற்குமேல் வேண்டாம்.

இரவு தங்கும் விமானம்

இனி மூன்றாவது வழி. இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். வெளியே பேசப்படுவதும் இதுதான் குறைவு.

மேலே சொன்ன மூன்று வரிப் பலகையை மறுபடி பாருங்கள். முதல் விமானம் ஏன் பத்தரைக்கு? அந்த விமானம் ராத்திரி பெருநகரத்தில் தூங்குகிறது. காலையில் அங்கே எழுந்து, பெரிய வழித்தடத்தில் ஒரு சுற்றுப் போய் வந்து, அதன் பிறகுதான் நம் ஊருக்கு வருகிறது. வந்தால்தானே புறப்படும்? அதனால் நம் ஊர்க்காரர் பெருநகரத்தில் போய் இறங்கும்போது மதியம். ஹப்பில் விமானங்கள் அலை அலையாகத்தான் வந்து போகும்: ஏழரைக்கு முப்பது விமானம் வந்து இறங்கும், எட்டரை ஒன்பதுக்குள் அவை எல்லாம் வேறு வேறு ஊர்களுக்குக் கிளம்பிவிடும். காலை அலை போன பிறகு போய் இறங்குகிறவர் மாலை அலைக்காக ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். திரும்பும்போதும் இதே கதை. மாலையில் வெளியூர்களிலிருந்து வருகிற விமானங்கள் ஹப்பில் எட்டு, ஒன்பது மணிக்குத்தான் சேரும். நம் ஊருக்குப் போகும் கடைசி விமானம் நாலரைக்கே போய்விட்டிருக்கும். அவர் ராத்திரி ஹோட்டலில் தங்க வேண்டும், இல்லையென்றால் நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி இல்லாத வரிசை எது என்று தேட வேண்டும். இதற்கு இருநூறு கிலோமீட்டர் காரே மேல் என்று அவர் முடிவு செய்வதில் ஆச்சரியமென்ன?

இப்போது அதே விமானம் ராத்திரி பத்தே முக்காலுக்கு நம் ஊருக்கு வந்து தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் இறங்கியதும் டெக்னீஷியன் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றி வருவார்: டயர், பிரேக், எண்ணெய் அளவு. ஏடிஆர் என்றால் காற்றில் சுழலாதபடி புரொப்பெல்லரைப் பட்டை போட்டுக் கட்டுவார். விடிகாலை ஐந்துக்குப் பட்டையை அவிழ்த்து, ஆறுக்குக் கிளப்பிவிடலாம். ஏழரைக்கு முன் ஹப்பில் இறங்கிவிடும். காலை அலை முழுவதும் நம் ஊர்க்காரருக்குக் கிடைக்கும். ஒரே ஒரு விமானம் ராத்திரி தங்கும் இடத்தை மாற்றிக்கொண்டதில் நாற்பது ஊர்களுக்குக் காலையிலேயே போய்ச் சேர வழி பிறந்துவிட்டது. புது நேரடி சர்வீஸ் ஒன்று எவ்வளவு முயன்றாலும் ஒரு ஊரைத்தான் கூட்டும்.

நம்பகமும் இதோடு வரும். தாமதம் பகல் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். ஒரே விமானம் ஐந்தாறு சுற்றுப் போவதால் காலையில் பிடித்த அரை மணித் தாமதம் மாலையில் இரண்டு மணி ஆகிவிடும். ராத்திரியே வந்து நிற்கும் விமானத்துக்கு அந்தச் சுமை கிடையாது. மூடுபனிக் காலம் மட்டும் விதிவிலக்கு.

அப்படியானால் நிறுவனங்கள் ஏன் இதைத் தாமாகச் செய்வதில்லை? செலவு. பெரும்பாலும் விமானிகளால் வரும் செலவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியூரில் தங்கும் விமானிக்கு அடுத்த பணிக்கு முன் பொதுவாகப் பத்து மணி நேர ஓய்வாவது வேண்டும். பத்தே முக்காலுக்கு இறங்கியவர் காலை ஆறுக்கு ஓட்ட முடியாது. எனவே மாலை விமானத்தில் வந்தவர்கள் தங்கிக் காலை விமானத்தை எடுக்க, இரவு வந்தவர்கள் மறுநாள் பிற்பகல் வண்டியை எடுப்பார்கள். எப்போதும் இரண்டு அணியினர் நம் ஊர் ஹோட்டலில் இருப்பார்கள். அதோடு, காலையில் விமானம் கிளம்ப மறுத்தால் மாற்று விமானமும் உதிரிபாகமும் பக்கத்தில் இல்லை. நிலையமும் ராத்திரி பதினொன்று வரை, காலை நாலரையிலிருந்து திறந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு வண்டி, பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றுக்கும் கூடுதல் ஷிப்ட்.

இந்தப் பட்டியலில் நகரம் செய்யக்கூடியவை எத்தனை என்று பாருங்கள். இரவு நிறுத்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். விமானிகளுக்கும் பணிக்குழுவுக்கும் ஹோட்டல் அறை கொடுக்கலாம். நிலையத்தின் வேலை நேரத்தை நீட்டிக்க அரசிடம் பேசலாம். இரவில் இறங்க விளக்கு வசதி இல்லையென்றால் அதைப் போடலாம். ஒவ்வொன்றும் தெரிந்த, எல்லை கட்டிய செலவு. எரிபொருள் விலை ஏறினால் பில் இரட்டிப்பாகும் வருவாய் உத்தரவாதத்தைப் போலல்ல.

எந்த விமானம் என்பதிலும் ஊர்கள் ஏமாறுகின்றன. ஒரு நாளைக்கு ஒரு ஏ320 வருவதா, மூன்று ஏடிஆர் வருவதா என்று கேட்டால் பெரும்பாலோர் ஜெட்டைக் கேட்பார்கள். இருக்கைக் கணக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 180-க்கு 216. ஆனால் ஒரு விமானம் ரத்தானால் ஒரு நாள் போச்சு. மூன்றில் ஒன்று ரத்தானால் நாலு மணி நேரம் போச்சு. ஐநூறு கிலோமீட்டருக்குள் ஜெட் மிச்சப்படுத்தும் நேரமும் கால் மணி, இருபது நிமிடம்தான். தீயணைப்பு விதிகளிலும் ஏடிஆர் 72-க்கு ஐந்தாம் வகைப் பாதுகாப்பு போதும், ஏ320-க்கு ஆறாம் வகை வேண்டும். இருக்கைக்கான செலவு ஜெட்டில் குறைவு என்பதால் நிறுவனம் ஜெட்டைத் தள்ளிவிடப் பார்க்கும். அது அவர்கள் கணக்கு, ஊரின் கணக்கு வேறு.

ஐம்பது இருக்கை ஜெட் என்ற இடைப்பட்ட வழி ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் நடுத்தர நகரங்களை வாழவைத்ததே அதுதான். அது இப்போது தேய்கிறது. 2009-ல் பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-ல் நடைமுறைக்கு வந்தது. சிறு நிறுவனங்களுக்கு விமானி கிடைப்பது கடினமாயிற்று. கோவிட் காலத்தில் பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளை ஓய்வில் அனுப்பிவிட்டுப் பிறகு சிறியவற்றிலிருந்து ஆள் எடுத்தன. 2022 செப்டம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டொலிடோ, இத்தாக்கா, இஸ்லிப் மூன்று ஊர்களை ஒரே மூச்சில் விட்டதற்குச் சொன்ன காரணம் விமானிப் பற்றாக்குறை. இந்தச் சூழலில் எந்த ஊரில் ஒரு விமானமும் விமானிகளும் தங்கி, காலைப் பயணிகளால் நிரம்பிப் போகிறார்களோ அந்த ஊரை விட்டுப்போக நிறுவனம் யோசிக்கும். பகலில் வந்து தொட்டுவிட்டுப் போகிற ஊரை ஒரு மின்னஞ்சலில் முடித்துவிடலாம்.

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு நல்ல ஒப்பீடு கிடைக்கிறது. நாரிச், ஹம்பர்சைடு, டீஸைடு ஆகிய சிறு நிலையங்களை நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனம் பல ஆண்டுகளாக ஆம்ஸ்டர்டாமோடு இணைத்துவைத்திருக்கிறது. தலைநகர் லண்டனுக்கு ஃப்ளைட் இல்லாமலே அந்த ஊர்க்காரர்கள் டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் ஒரே டிக்கெட்டில் போகிறார்கள். ஹம்பர்சைடிலிருந்து கொஞ்ச தூரத்தில் டோன்காஸ்டர் ஷெஃபீல்டு நிலையம். அதைவிடப் பல மடங்கு பயணிகள், நீளமான ஓடுபாதை, விஸ் ஏரும் டூயியும் ஓட்டிய ஏராளமான விடுமுறை ஊர்கள். 2022-ல் விஸ் ஏர் தன் தளத்தை எடுத்துக்கொண்டு போனது. அந்த ஆண்டு நவம்பரிலேயே நிலையத்தை மூடிவிட்டார்கள். ஹம்பர்சைடுக்கு வடகடல் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் ஹெலிகாப்டர் வருமானமும் கைகொடுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இருபது விடுமுறை ஊர்கள் காப்பாற்றாத இடத்தில் ஒரு ஆம்ஸ்டர்டாம் காப்பாற்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. எந்த ஹப் என்பதில் கவனம் வேண்டும். பக்கத்தில் இருப்பது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எங்கே அதிக ஊர்களுக்கு அலை ஒத்துவருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஹப்பில் மூன்று நான்கு ஃப்ளைட் வேரூன்றிய பிறகு, வேறு நிறுவனத்தின் வேறு ஹப்புக்கு இரண்டாவது இணைப்பைத் தேடலாம். கட்டணம் இறங்குவது அப்போதுதான். முதலிலேயே இரண்டு ஹப்புக்கும் தலா ஒரு ஃப்ளைட் என்று பிரித்தால் இரண்டுமே ஒட்டாது.

சிறகில்லாத ஃப்ளைட்

நான்காவது வழியைச் சொன்னாலே ஊரில் முகம் சுளிப்பார்கள். விமானம் கேட்டால் பஸ் கொடுக்கிறாயா என்பார்கள். பஸ்ஸுக்கு ரிப்பன் வெட்ட எந்த அமைச்சரும் வரமாட்டார் என்பதும் உண்மை. ஆனால் பெரிய நிலையம் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது என்றால், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

இரண்டு மணி என்பதற்குக் காரணம் உண்டு. உள்ளூர் ஃப்ளைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே போக வேண்டும். ஐம்பது நிமிடம் பறக்க வேண்டும். இறங்கி அடுத்த விமானத்துக்கு இன்னொரு ஒரு மணி. கூட்டினால் மூன்று மணியை நெருங்கிவிடும். பஸ் அதைவிட மெதுவானதல்ல. மணிக்கொரு பஸ் விட்டால் ஒரு நாளைக்குப் பதினைந்து புறப்பாடு, எந்த விமான நிறுவனமும் தர முடியாத எண்ணிக்கை.

ஆனால் வெறும் பஸ் போதாது. அது விமான டிக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவின் அலென்டவுனிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு 2022 முதல் லேண்ட்லைன் என்ற நிறுவனத்தின் பஸ் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் விமான எண்ணிலேயே ஓடுகிறது. கனடாவில் ஹாமில்டனிலிருந்தும் வாட்டர்லூவிலிருந்தும் டொரொண்டோ பியர்சனுக்கு ஏர் கனடா 2024-ல் இதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பஸ் நெரிசலில் மாட்டி விமானத்தை விட்டால் அது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அடுத்த விமானத்தில் அவர்கள்தான் ஏற்றிவிட வேண்டும். சாதாரண பஸ்ஸில் போய் விமானத்தை விட்டால் யாரும் பொறுப்பில்லை. வித்தியாசம் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் விடப்படும் 'ஏர்போர்ட் பஸ்'ஸில் இந்த ஒரு வரிதான் இல்லை.

ரயில் என்றால் இன்னும் மேல், தண்டவாளம் டெர்மினலுக்கு அடியிலேயே போனால். ஜெர்மனியில் கொலோனுக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் இடையே அதிவேகப் பாதை 2002-ல் திறந்த பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் ரயில் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்துக்குப் போய்விடுகிறது. லுஃப்தான்சா விமான நிறுவனம் அந்த ரயில்களில் தன் விமான எண்ணைப் போட்டு விற்றது, 2007-ல் கொலோன்-ஃபிராங்ஃபர்ட் விமானத்தையே நிறுத்திவிட்டது. கொலோன் விமான நிலையம் அதனால் அழிந்துவிடவில்லை; மலிவு விமானங்களுக்கும் சரக்கு விமானங்களுக்கும் அது பெரிய இடமாகவே இருக்கிறது. டெர்மினலிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடும் ரயிலை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள். பெட்டி படுக்கையோடு மறுபடி ஒரு டாக்சி என்றால் ஆட்கள் வீட்டிலிருந்தே காரில் போய்விடுவார்கள்.

எதை எப்போது

பெரிய நிலையம் இரண்டு மணிக்குள் என்றால் டிக்கெட்டோடு சேர்ந்த பஸ் அல்லது ரயில். அங்கே மானியம் கொடுத்து ஹப்புக்கு விமானம் ஓட்டுவது காசைக் கொட்டுவது. மூன்று மணிக்கு மேல் என்றால் இரவு தங்கும் விமானம், கூடவே ஹப்புக்கு நாளொன்றுக்கு மூன்றாவது, நாலாவது சுற்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட ஊர்களுக்குத்தான் தலைவலி. அங்கே கசிவுக் கணக்கை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்: கட்டணம்தான் காரணம் என்றால் விசிட்டா வழி, நேரம்தான் காரணம் என்றால் இரவு விமானம். நேரடி சர்வீஸுக்கு உத்தரவாதம் கொடுப்பது, அந்த ஒரே ஊருக்கு இப்போதே ஆண்டுக்கு நாற்பதாயிரம் பேர் சுற்றி வளைத்துப் போகிறார்கள் என்று டிக்கெட் விவரம் காட்டினால் மட்டும். தீவுகளும் மலையூர்களும் இந்தக் கணக்கில் வராது. அங்கே விமானம் என்பது பாலம் போன்ற பொதுச் செலவு, லாபம் பார்க்கக் கூடாது.

எந்த வழியில் பணம் போனாலும் ஒப்பந்தத்தில் சில வரிகளைப் பிடிவாதமாக எழுதி வாங்க வேண்டும். புறப்படும் நேரம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். 'தினசரி ஒரு சேவை' என்று மட்டும் எழுதினால் மதியம் ஒன்றரைக்கு வந்து நிற்பார்கள், கையெழுத்துப் போட்டவர் ஒன்றும் பேச முடியாது. ஹப்பில் அடுத்த விமானத்துக்கு ஒரே டிக்கெட், பெட்டி நேராகப் போய்ச் சேர வேண்டும். ரத்து செய்த சுற்றுகளுக்குப் பணம் கிடையாது. உதவித் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வர வேண்டும், மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரே நாளில் நிற்கக் கூடாது. அப்படி நின்றால் விமானமும் அதே நாளில் நின்றுவிடும். பயணிகள் எண்ணிக்கையும் கட்டண வருவாயும் மாதா மாதம் நகரத்தின் கைக்கு வர வேண்டும். இந்தக் கடைசி வரியை நிறுவனம் எளிதில் ஒப்புக்கொள்ளாது. வியாபார ரகசியம் என்பார்கள். பொதுப்பணம் வேண்டுமென்றால் கணக்கும் வேண்டும் என்று அங்கேயே நின்றுகொள்ளலாம்.